பெர்லின் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே ரயில் நிலையம்: அமைப்பும் வரலாறும்

1. கற்பாலம் (இழையைத் தொடங்கியவர்)

பெர்லின் நகரின் நடுவில், ஸ்ப்ரே ஆற்றை ஒட்டி, தெருவுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தின் வழியாகத்தான் நான்கு ஆண்டுகளாக வேலைக்குப் போய் வருகிறேன். ஊரிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு அதைக் காட்டும்போதெல்லாம் “பெர்லின் சுவர் இந்த நிலையத்தை இரண்டாக வெட்டியது” என்று சொல்லிவந்தேன். அண்மையில் பழைய நகர வரைபடத்தையும் நிலையத்தின் தளப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, நான் சொல்லிவந்தது தவறு என்று தெரிந்தது. சுவர் அந்தக் கட்டடத்தைத் தொடவே இல்லை. எல்லைக்கோடு மேற்கே தள்ளி இருந்தது. நிலையம் முழுவதும் கிழக்கு பெர்லினுக்குள் இருந்தது. ஆனாலும் அந்த ஒரே கட்டடத்துக்குள் 28 ஆண்டுகள் இரண்டு நிலையங்கள் இயங்கின. அது எப்படி இயன்றது என்பதை அதன் அமைப்பைக் கொண்டே விளக்க முயல்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதலில் இன்றைய நிலை. நிலையம் மூன்று அடுக்குகளாக இருக்கிறது. மேலடுக்கில், கிழக்கு மேற்காகச் செல்லும் ஸ்டாட்பான் என்னும் நகர ரயில் பாதை உள்ளது. அங்கே மூன்று நடைமேடைகள், ஆறு தண்டவாளங்கள். பெரிய கூரைக்கூடத்தின் கீழ் ஏ, பி என்ற இரு நடைமேடைகளில் வட்டார ரயில்கள் நிற்கின்றன. பக்கத்துச் சிறிய கூடத்தின் கீழ் சி நடைமேடையில் எஸ்-பான் எனப்படும் நகர மின்தொடர்கள் நிற்கின்றன. நடு அடுக்கு தெருமட்டம். கடைகள், நடைவழிகள், படிக்கட்டுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே என்ற தெருவே ரயில் பாலத்தின் அடியில் நுழைந்து போகிறது. கீழடுக்கில் வடக்கு தெற்காக இரண்டு பாதைகள் ஓடுகின்றன: தெருவின் அடியில் உ-6 என்ற சுரங்க ரயில், நிலையத்தின் இன்னொரு பக்கத்தில் வடக்கு–தெற்கு எஸ்-பான் சுரங்கம். மேலே ஓடுவதும் கீழே ஓடுவதும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. பயணி ஒருவர் மேலிருந்து கீழே போக வேண்டுமானால் இடையில் தெருமட்டத்தைக் கடந்தே ஆக வேண்டும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தவை எல்லாம் இதைச் சுற்றித்தான்.

2. செங்கற்சூளை

நல்ல இழை. நான் பாலக் கட்டுமானத்தில் பணிபுரிபவன் என்பதால், மேலடுக்கு எப்படி அங்கே வந்தது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

ஸ்டாட்பான் கட்டப்பட்டது 1875-இல் தொடங்கி 1882 வரை. அதற்கு முன்பு பெர்லினுக்கு வந்த ஒவ்வொரு ரயில் பாதையும் நகரின் விளிம்பில் தனித்தனி முனையத்தில் முடிந்துவிடும். கிழக்கிலிருந்து வந்து மேற்கே போக வேண்டியவர் குதிரைவண்டி பிடித்து நகரைக் கடக்க வேண்டும். அந்த முனையங்களை நகரின் ஊடாக இணைக்க வேண்டும் என்பதே நோக்கம். வீடுகள் நெருங்கி நின்ற நகரில் மண்மேடு போட்டு ரயில் விடுவதற்கு இடமில்லை. தெருக்களைத் தரைமட்டத்தில் வெட்டிச் செல்வதும் ஆகாது. ஆகவே எர்ன்ஸ்ட் டிர்க்சன் என்ற பொறியாளரின் தலைமையில் செங்கல் வளைவுகளை வரிசையாகக் கட்டி, அவற்றின் மீது நான்கு தண்டவாளங்களை இட்டார்கள். மொத்தம் 731 வளைவுகள் என்பது கணக்கு. உள்ளூர் ரயில்களுக்கு 1882 பிப்ரவரி 7 அன்றும், தொலைதூர ரயில்களுக்கு அதே ஆண்டு மே 15 அன்றும் பாதை திறக்கப்பட்டது.

இந்தப் பாதை ஏன் இவ்வளவு வளைந்து வளைந்து போகிறது என்று பலர் கேட்பதுண்டு. நிலம் கிடைத்த வழியே பாதை போனது என்பதுதான் விடை. ஹாக்கெஷர் மார்க்ட் முதல் யானோவிட்ஸ்புரூக்கே வரையிலான பகுதியில், 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் பழைய அகழியைத் தூர்த்து அதன் மீதே வளைவுகளை எழுப்பினார்கள். அகழி எப்படி வளைந்ததோ அப்படியே இன்றைய ரயிலும் வளைகிறது. எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்தது இதுதான்: கண்ணாடி மாளிகைகளுக்கு நடுவே ஓடும் மின்தொடர், காணாமல் போன ஒரு கோட்டையின் வரைபடத்தை ஒவ்வொரு நாளும் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறது.

வளைவுகளின் அடிப்பகுதி தொடக்கத்திலிருந்தே வாடகைக்கு விடப்பட்டது. கிடங்கு, மதுக்கடை, உணவகம் என்று பலவும் அங்கே வந்தன. 1994 முதல் 1998 வரை முழுப் பாதையையும் சீரமைத்தபோது சரளைக்கல் படுகையை எடுத்துவிட்டுப் பல இடங்களில் கற்காரைத் தளத்தின் மீது தண்டவாளங்களைப் பொருத்தினார்கள்.

3. கற்பாலம்

மிக்க நன்றி. அகழியைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை.

கட்டடத்தைப் பற்றித் தொடர்கிறேன். 1882-இல் திறந்த முதல் நிலையத்தை வடிவமைத்தவர் யோகானஸ் ஃபால்மர். ஹாக்கெஷர் மார்க்ட் நிலையமும் அவருடையதே. அங்கே அவருடைய செங்கல் முகப்பு இன்றும் அழகு குலையாமல் நிற்கிறது. ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசேயில் அந்தப் பேறு கிடைக்கவில்லை. போக்குவரத்து பெருகியதால் 1914-இல் கார்ல் தியோடோர் பிரோட்ஃபியூரரின் திட்டப்படி நிலையத்தைப் பெரிதாக்கத் தொடங்கினார்கள். முதல் உலகப் போர் குறுக்கிட்டது. வேலை முடிய 1925 ஆகிவிட்டது. இன்று நாம் காணும் இரட்டைக் கூரைக்கூடம் அந்தக் காலத்தது. தொலைதூர ரயில்களுக்குப் பெரிய கூடம், நகர ரயில்களுக்குச் சிறிய கூடம் என்று அன்று பிரித்தது வசதிக்காக மட்டுமே. இரு கூடங்களுக்கும் இடையே தூண்களின் வரிசை ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுகளுக்குள் அந்த இடைவெளியில் என்ன வரப்போகிறது என்பதை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கீழடுக்கு சற்றுப் பிந்தியது. உ-6 சுரங்க நிலையம் 1923 ஜனவரி 30 அன்று திறக்கப்பட்டது. வடக்கு–தெற்கு எஸ்-பான் சுரங்கத்தின் முதற்பகுதி 1936-இல், பெர்லின் ஒலிம்பிக்கு முன்பாக, அவசரமாக முடிக்கப்பட்டது. முழுச் சுரங்கம் 1939-இல் நிறைவடைந்தது. மேலே ஓடிய எஸ்-பான் பாதைக்கு 1928-இலேயே மின்சாரம் வந்திருந்தது. அது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாம் தண்டவாளமாக ஓடும் நேர்மின்சாரம். தொலைதூரத் தண்டவாளங்களுக்கு மேலே கம்பி இழுத்து மின்மயமாக்கியது 1990-களின் சீரமைப்பில்தான்.

4. செங்கற்சூளை

கீழடுக்கைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. உ-6 நிலையத்தையும் எஸ்-பான் சுரங்க நிலையத்தையும் இணைக்க ஒரு நடைவழி உண்டு. 1945 மே மாதத் தொடக்கத்தில், போரின் கடைசி நாள்களில், லான்ட்வேர் கால்வாயின் அடியில் எஸ்-பான் சுரங்கத்தின் கூரை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உள்ளே புகுந்த நீர் சுரங்கம் வழியே வடக்கு நோக்கி வந்து, இந்த நடைவழியில் ஏறி, உ-6 ஓடும் சுரங்கத்துக்குள்ளும் பரவியது. பயணிகள் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குக் கட்டிய வழியிலேயே வெள்ளமும் மாறியிருக்கிறது.

5. வடகரை

நான் கோவையிலிருந்து எழுதுகிறேன், பெர்லினைப் பார்த்ததில்லை. எனக்கு அடிப்படையான ஓர் ஐயம். நிலையம் முழுவதும் கிழக்கின் மண்ணில் இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் 1961-க்குப் பிறகு மேற்கு பெர்லின் ரயில்கள் ஏன் அங்கே வந்தன? எல்லைக்கு முந்தைய நிலையத்திலேயே திரும்பிப் போயிருக்கலாமே?

6. கற்பாலம்

இந்த இழையின் மையக் கேள்வி இது. சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லை அடைக்கப்பட்டபோது, தரைக்கு மேலே ஓடிய ஸ்டாட்பான் பாதை எளிதாக இரண்டாகிவிட்டது. கிழக்கிலிருந்து வந்த தொடர்கள் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசேயில் நின்று திரும்பின. மேற்கிலிருந்து வந்தவையும் அங்கேயே நின்று திரும்பின. தரைக்குக் கீழேதான் சிக்கல். வடக்கு–தெற்காக ஓடும் உ-6 பாதையின் இரு முனைகளும் மேற்கு பெர்லினில் இருந்தன. நடுப்பகுதி மட்டும் கிழக்கின் அடியில் ஓடியது. வடக்கு–தெற்கு எஸ்-பானும் அப்படியே. அவற்றை நிறுத்திவிட்டால் மேற்கின் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே நேர்வழி இல்லாமல் போகும். ஆகவே மேற்கின் ரயில்கள் கிழக்கின் அடியில் தொடர்ந்து ஓடின. ஆனால் இடையிலிருந்த நிலையங்களில் நிற்கவில்லை. உ-6 பாதையில் மட்டும் ஐந்து நிலையங்கள் இப்படி மூடப்பட்டன. மங்கலான விளக்கொளியில் காவலர்கள் மட்டும் நின்ற அந்த நடைமேடைகளை ரயில் மெதுவாக ஊர்ந்து கடக்கும். மக்கள் அவற்றைப் பேய் நிலையங்கள் என்றார்கள். எல்லைக்கு முந்தைய நிலையத்தில், “மேற்கு பெர்லினின் கடைசி நிலையம்” என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்.

மூடப்படாமல் விடப்பட்டது ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே ஒன்றுதான். மூன்று மேற்கத்திய வழித்தடங்கள் சந்தித்த இடம் அது: மேலே மேற்கு நோக்கிய ஸ்டாட்பான், கீழே உ-6, அதோடு வடக்கு–தெற்கு எஸ்-பான். மேற்கு பெர்லின் பயணி ஒருவர் உ-6-இல் வந்து இறங்கி, உள்வழிகளிலும் படிக்கட்டுகளிலும் ஏறி, மேலே பி நடைமேடையில் மேற்கு நோக்கிய எஸ்-பானைப் பிடிக்கலாம். கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. கிழக்கு ஜெர்மனியின் மண்ணுக்குள் நின்றுகொண்டே, அந்த நாட்டுக்குள் நுழையாமலேயே, அவர் வண்டி மாறிவிட்டுப் போய்விடுவார். அந்த வழிகளிலேயே இன்டர்ஷாப் என்ற வரியில்லாக் கடைகளை கிழக்கு ஜெர்மனி வைத்திருந்தது. மதுவும் சிகரெட்டும் வாங்குவதற்கென்றே மேற்கிலிருந்து வந்து போனவர்கள் உண்டு. மேற்கின் பணம் கிழக்குக்குத் தேவைப்பட்டது. மாறும் இடம் மேற்குக்குத் தேவைப்பட்டது. நிலையம் திறந்தே இருந்ததற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

இப்போது அடுக்குகளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். மேலே ஏ நடைமேடையில் மேற்கு நோக்கிய தொலைதூர ரயில்கள், பி நடைமேடையில் மேற்கின் எஸ்-பான். கீழே இரண்டு சுரங்க நிலையங்கள். இவை எல்லாம் சேர்ந்து மேற்கு நிலையம். கிழக்கு பெர்லின் மக்களுக்கு மிஞ்சியது மேலே சி நடைமேடை ஒன்றும், தெருமட்டத்தில் ஒரு முன்கூடமும். கிழக்கின் குடிமகன் ஒருவர் வேலைக்குப் போக அந்த முன்கூடத்தில் நடக்கும்போது, அவருடைய தலைக்கு மேலேயும் மேற்கு, காலுக்குக் கீழேயும் மேற்கு. எந்தப் படிக்கட்டில் ஏறினாலும் அங்கே போக முடியாதபடி வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. இரு கூரைக்கூடங்களுக்கும் இடையே, பி நடைமேடைக்கும் சி நடைமேடைக்கும் நடுவில், கூரை வரைக்கும் உலோகத் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டது. கூடத்தின் உயரத்திலிருந்து காவலர்கள் கீழே நோக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இரண்டாக வெட்டியது” என்ற சொல் தவறு என்று நான் சொன்னது இதனால்தான். வெட்டினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டு பாதிகள் கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. ஒன்றுக்குள் ஒன்றைப் பின்னி வைத்தார்கள். பிரித்தது சுவரைவிடப் படிக்கட்டுகளும் நடைவழிகளும்தான்.

7. வடகரை

இப்போது விளங்குகிறது. படம் வரைந்து பார்த்தேன். இரண்டாம் முறையில்தான் சரியாக வந்தது. இன்னொரு கேள்வி: சோதனைச் சாவடி சார்லி என்று படித்திருக்கிறேனே, அதுவும் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசேயில்தானே இருந்தது?

8. மரவட்டை

அதே தெருதான், ஆனால் வேறு இடம். அந்தச் சாவடி நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குத் தெற்கே, தரைவழியாகக் கடக்கும் வெளிநாட்டவர்களுக்கும் தூதரக அதிகாரிகளுக்கும் உரியதாக இருந்தது. ரயிலோடு அதற்குத் தொடர்பில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நிலையத்தின் எல்லைக் கடவுக்கென்று தனிக் கட்டடம் ஒன்று 1962-இல் எழுந்தது. நிலையத்துக்கு வடக்கே, ஆற்றங்கரையை ஒட்டி, எஃகும் கண்ணாடியுமாகக் கட்டப்பட்ட கூடம் அது. வடிவமைத்தவர் ஹார்ஸ்ட் லூடரிட்ஸ். கிழக்கிலிருந்து மேற்கே வெளியேறுபவர்கள் அதன் வழியேதான் போக வேண்டும். பார்க்க வந்த உறவினர்கள் மாலையில் திரும்பும்போது, வழியனுப்ப வந்த கிழக்கு பெர்லின் மக்கள் அந்த வாசலோடு நின்றுவிட வேண்டியதுதான். அதனால் அந்த இடத்துக்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர் வந்தது. மக்கள் வைத்த பெயரே இன்று அதிகாரப் பெயராகவும் ஆகிவிட்டது. 2011-இலிருந்து அது அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஒற்றர்களுக்கென்று மறைவான வழியும் நிலையத்துக்குள் இருந்தது. கிழக்கின் உளவுத்துறையில் அதிகாரியாக இருந்த வெர்னர் ஸ்டில்லர் 1979 ஜனவரியில் மேற்கே தப்பியது இந்த நிலையத்தின் வழியாகத்தான்.

9. பனங்கூடல்

வணக்கம். நான் யேர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கும் யாழ்ப்பாணத்தான். இந்த இழையை மகள் அனுப்பிவைத்தாள். கற்பாலம் தம்பி எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். நான் அந்த நிலையத்தைக் கடந்தவன். 1985 ஏப்ரலில்.

1983 யூலைக் கலவரத்துக்குப் பின் எங்களில் பலருக்கு வந்து சேரக்கூடியதாக இருந்த வழி கிழக்கு பேர்லின் வழிதான். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கடந்து செல்வதற்கான விசா மட்டும் கையில். மேற்கு பேர்லினுக்குள் போய்விட்டால் அங்கே குடிவரவுச் சோதனை இராது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கள் நாலு பேர். எனக்கு வயது இருபத்திரண்டு. யேர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது; ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே என்ற பெயரை ஒரு கடதாசியில் தமிழில் எழுதி வைத்திருந்தோம்.

விமான நிலையத்திலிருந்து புகையிரதத்தில் ஏறினோம். அந்தப் பெயர் எழுதிய நிலையத்தில் இறங்கினோம். படிகளில் இறங்கி வெளியே வந்தோம். கடும் குளிர். ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் போகச் சொல்லிக் கையால் காட்டினார்கள். உள்ளே வரிசை. ஒவ்வொருவராக ஓர் ஒடுங்கிய கூண்டுக்குள் போக வேண்டும். பின்னால் கதவு மூடிவிடும். தலைக்கு மேலே சரிவாக ஒரு கண்ணாடி. எங்கள் முதுகையும் கால்களையும் அவர்கள் பார்ப்பதற்கு. உத்தியோகத்தர் உயரத்தில் இருந்தார். கடவுச்சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மீண்டும் கடவுச்சீட்டைப் பார்த்தார். அவ்வளவு நேரம் என்னை ஒருவரும் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டு முன்கதவு திறந்தது. கீழே இறங்கி ஒரு நடைவழி, பிறகு மேலே படிகள். ஏறினால் உயர்ந்த கூரையோடு இன்னொரு புகையிரத நிலையம். அங்கே நின்ற புகையிரதத்தில் ஏறிச் ‘சூ’ என்று எழுதியிருந்த நிலையத்தில் இறங்கினோம். அதுதான் மேற்கு.

நான் இதுவரை நம்பியிருந்தது என்னவென்றால், நாங்கள் இரண்டு வெவ்வேறு நிலையங்களுக்குப் போனோம் என்பதுதான். ஒன்றில் வந்து இறங்கினோம், நடந்து போய் இன்னொன்றில் ஏறினோம். என்னோடு வந்த நண்பர் ஒருவர், இப்போது இல்லை, அவர் இரண்டும் ஒன்றே என்று வாதாடுவார். நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இரண்டாவது நிலையத்தில் ஒரு பக்கம் முழுவதும் உலோகச் சுவர் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அப்பால் புகையிரதங்கள் வந்து போகும் சத்தம் கேட்டது. அது என்ன இடம் என்று தம்பிக்குச் சொல்ல முடியுமா?

10. மரவட்டை

ஐயா எழுதியதற்கு வரலாற்றுப் பின்புலத்தை மட்டும் சேர்க்கிறேன். மற்றதைக் கற்பாலம் சொல்லட்டும்.

மேற்கு ஜெர்மனியும், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் என்ற மூன்று நேச நாடுகளும் பெர்லினுக்கு நடுவே ஓடிய கோட்டை நாட்டு எல்லையாக ஏற்கவில்லை. ஏற்காத எல்லையில் குடிவரவுச் சோதனை வைக்க முடியாது. வைத்தால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்தச் சட்ட நிலைப்பாட்டின் விளைவாகவே ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசேயிலிருந்து மேற்கே போன எஸ்-பானில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. இலங்கைத் தமிழர்களும், பின்னர் வேறு பல நாட்டு அகதிகளும் இந்த வழியில் வந்தார்கள். 1985 ஜூலையில், மேற்கு ஜெர்மனியுடன் நடந்த பேச்சுகளின் விளைவாக, செல்லும் நாட்டின் விசா இல்லாத இலங்கைத் தமிழர்களைக் கடக்க விடுவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்தியது. இரு அரசுகளுக்கும் இடையிலிருந்த வட்டியில்லாக் கடன் வரம்பு அதே காலத்தில் உயர்த்தப்பட்டதையும் இதையும் சேர்த்தே பேசுவது வழக்கம். 1986 அக்டோபர் முதல் அந்தக் கட்டுப்பாடு மற்ற நாட்டவருக்கும் விரிந்தது. ஐயா வந்தது வழி அடைபடுவதற்கு மூன்று மாதம் முன்பு.

11. கற்பாலம்

ஐயா, தங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று மாலை நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றிருந்தேன். தாங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் தளப்படத்தில் வைத்துப் பார்த்தேன். வழி தெளிவாகவே கிடைக்கிறது.

விமான நிலையத்திலிருந்து தாங்கள் வந்தது கிழக்கின் எஸ்-பான். அது நின்றது சிறிய கூடத்தில், சி நடைமேடையில். அங்கிருந்து படிகளில் இறங்கி, கிழக்கு மக்களுக்குரிய முன்கூடத்தின் வழியே தெருவுக்கு வந்திருக்கிறீர்கள். கண்ணாடிக் கட்டடம் என்று தாங்கள் எழுதியது கண்ணீர் மாளிகையைத்தான். அன்று அங்கே கிழக்கு ஜெர்மானியர், மேற்கு ஜெர்மானியர், மேற்கு பெர்லினர், பிற நாட்டவர் என்று தனித்தனி வரிசைகள் இருந்தன. கூண்டைக் கடந்து, நடைவழியில் நடந்து, மீண்டும் படியேறியபோது தாங்கள் வந்து சேர்ந்தது பெரிய கூடம், பி நடைமேடை. உலோகச் சுவர் என்று தாங்கள் நினைவுகூர்வது இரு கூடங்களுக்கும் நடுவே இருந்த தடுப்பு. அதற்கு அப்பால் கேட்டது சி நடைமேடையின் ரயில்கள்.

ஆகவே அது ஒரே நிலையம்தான். தங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் தாங்கள் சொன்னதையும் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நிலையங்கள் என்று பயணி நம்பும்படிதான் அதைக் கட்டியிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பி நடைமேடையில் ரயில் ஏறுவதற்கு முன்பே, அந்தக் கூண்டின் முன்கதவு திறந்தபோதே, தாங்கள் கிழக்கின் சோதனையைத் தாண்டிவிட்டீர்கள். நிலத்தின் மீதிருந்த எல்லை அடுத்த நிலையத்துக்கு முன்னால், கால்வாயை ஒட்டி இருந்தது. ரயில் அதைச் சில நிமிடங்களில் நிற்காமல் கடந்திருக்கும். அப்போது அந்த அடுத்த நிலையத்தின் பெயர் லேர்ட்டர் ஸ்டாட்பான்ஹோஃப். இன்றைய பெர்லின் மத்திய நிலையம் அந்த இடத்தில்தான் 2006-இல் எழுந்தது.

12. செங்கற்சூளை

படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஐயா ஏறிய ரயிலைப் பற்றி ஒரு சிறு செய்தி. மேற்கு பெர்லினில் ஓடிய எஸ்-பானையும் 1984 வரை கிழக்கு ஜெர்மனியின் ரயில்வேயே இயக்கிவந்தது. சுவர் எழுந்த பிறகு மேற்கு மக்கள் அதைப் புறக்கணித்தார்கள். பயணச்சீட்டுக்குக் கொடுக்கும் காசு முள்வேலிக்குப் போகிறது என்று முழக்கமிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாதி காலியாகவே ஓடிய அந்த ரயிலை மேற்கு பெர்லினின் நகரப் போக்குவரத்து நிறுவனம் ஏற்றது 1984 ஜனவரி 9 அன்று. ஐயா ஏறியது அதற்கு அடுத்த ஆண்டு.

13. நிலவறை

நிலையத்தின் தென்பக்க வாசலில், கேயோர்கன்ஸ்ட்ராசேயில், வெண்கலச் சிறுவர் சிலைகள் இருப்பதை யாரும் குறிப்பிடவில்லையே என்று எழுதுகிறேன். 1938–39-இல் நாஜி ஆட்சியிலிருந்து ஏறத்தாழ 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், பெற்றோர் இல்லாமல் ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெர்லின் குழந்தைகள் பலர் புறப்பட்டது இந்த நிலையத்திலிருந்து. சிலைகளைச் செய்த ஃபிராங்க் மைஸ்லரே அப்படிப் போன குழந்தைதான். 1939-இல் டான்சிக் நகரிலிருந்து கிளம்பி இந்த நிலையத்தின் வழியாகப் போனவர். 2008-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில் குழந்தைகள் இரு கூட்டமாக, இரு நிறத்தில், எதிரெதிர்த் திசைகளை நோக்கி நிற்கிறார்கள். ஒரு கூட்டம் உயிர் பிழைத்தவர்கள், மற்றது முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள். பலமுறை மலர்கள் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

14. வடகரை

எல்லை திறந்த பிறகு அந்த உலோகச் சுவர் எப்போது போனது? அதன் தடம் ஏதாவது இருக்கிறதா?

15. கற்பாலம்

1989 நவம்பர் 9-க்குப் பிறகு மக்கள் கடந்தாலும், எல்லைச் சோதனை முறைப்படி முடிந்தது 1990 ஜூலை 1 அன்று. மறுநாள் ஜூலை 2-இலிருந்து எஸ்-பான் தொடர்கள் ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசேயில் திரும்பாமல் நேராக ஓடின. பேய் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் எஸ்-பான் சுரங்க நிலையம் 1992 வரை காத்திருந்தது. 1990-களின் பிற்பகுதியில் நிலையத்தை உள்ளும் புறமும் திருத்திக் கட்டியபோது, அடைக்கப்பட்ட வழிகள், மறைவறைகள், சோதனைக் கூடங்கள் யாவும் கடைகளாகவும் திறந்த நடைவழிகளாகவும் மாறின. பயணிகளுக்கு அது நல்லதுதான். ஆனால் ஓர் அறையையாவது இருந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆற்றங்கரைக் கூடம் மட்டும் தப்பியது. பழைய கூண்டு ஒன்றை அதற்குள் பார்க்கலாம். நடைமேடைகளில் தடம் எதுவும் இல்லை. பி நடைமேடையின் விளிம்பில் நின்று பார்த்தால் இரு கூடங்களுக்கும் இடையிலுள்ள தூண்கள் தெரியும். அவற்றுக்கு அப்பால் சி நடைமேடையில் நிற்பவர்களின் முகம் தெரியும். அவ்வளவு அருகில் இருக்கிறது.

16. பனங்கூடல்

தம்பிக்கு நன்றி. நான் மதிலுக்கு இப்பால் நின்று கேட்ட சத்தம், நான் வந்து இறங்கிய அதே மேடையின் சத்தம். நண்பருடைய மனைவிக்கு இன்று தொலைபேசி எடுத்துச் சொன்னேன். “அவர் எப்போதும் சொன்னதுதானே” என்றா.

மே மாதம் பேரப்பிள்ளையோடு பேர்லின் வருவதாக இருக்கிறேன். எனக்கு முழங்கால் வருத்தம் உண்டு. அங்கே மின்தூக்கி இருக்கிறதா? அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு நுழைவுச்சீட்டு வேண்டுமா?

17. கற்பாலம்

மின்தூக்கி இருக்கிறது, ஐயா. கண்ணீர் மாளிகைக்குக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். டோர்ட்முண்டிலிருந்து வரும் விரைவு ரயில் மத்திய நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து கிழக்கு நோக்கிய எஸ்-பானில் ஏறினால் ஒரே நிலையம்தான். இம்முறை மேற்கிலிருந்து வந்து சி நடைமேடையில் இறங்குவீர்கள். அங்கே நான் காத்திருக்கிறேன்.